குறிதவறிய காவல்

நுழையும்முன்

நேற்றுவரை நன்கு படித்தும் தோழியரோடு சிரித்துப் பேசியும் வந்த ஒரு பெண், திடீரென உறக்கம் இழக்கிறாள். இல்லாத குரல்களைக் கேட்கிறாள். பெற்ற தாயையே கண்டு அஞ்சி அலறுகிறாள். "பேய் பிடித்துவிட்டது" என்பார் சிலர். "மனம் பேதலித்துவிட்டது" என்பார் வேறு சிலர். இவ்விரண்டும் அல்லாத மூன்றாவது விடையும் உண்டு என்பதை மருத்துவ உலகம் அண்மைக் காலத்தில்தான் கண்டறிந்தது. உடலைக் காக்கும் ஆற்றலே வழிதவறி மூளையைத் தாக்கும் அந்நோயைப் பற்றியும், அதன் வேர் சில வேளைகளில் சினைப்பையில் மறைந்திருப்பதைப் பற்றியும் இப்பாடம் விளக்குகிறது.

கோட்டையும் உடலும்

திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலை செல்லும் வழியில், பாறைகள் அடுக்கி வைத்தாற்போன்ற குன்றுகளின் மேல் எழுந்து நிற்கிறது செஞ்சிக்கோட்டை. இராசகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று மலைகளையும் நெடுமதில்கள் இணைக்கின்றன. இராசகிரியின் உச்சிக்குச் செல்வோர் ஆழ்ந்ததொரு பாறைப் பிளவைக் கடந்தாக வேண்டும். பகைவர் வந்தால், அப்பிளவின்மீது இடப்பட்ட பாலத்தை அகற்றிவிட்டால் போதும். மேற்கோட்டையை எவரும் அணுக இயலாது. 1690 முதல் 1698 வரை முகலாயப் படை இக்கோட்டையை முற்றுகையிட்டும் அதனை எளிதில் கைப்பற்ற முடியவில்லை. 2025ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற மராத்தியப் படைத்துறை நிலக்காட்சிகளின் பன்னிரண்டு கோட்டைகளுள் தமிழ்நாட்டைச் சேர்ந்தது இஃது ஒன்றே.

மனித உடலும் இத்தகைய கோட்டையே. தோல் அதன் புறமதில். இரத்த வெள்ளையணுக்கள் அதன் காவற்படை. இவற்றுள் ஒருவகை அணுக்கள், உட்புகும் கிருமியின் அடையாளத்தை அறிந்து, அதற்கு மட்டுமே பொருந்தும் எதிர்ப்பொருள் என்னும் புரதத்தை உருவாக்குகின்றன. பூட்டுக்கேற்ற சாவிபோல் எதிர்ப்பொருள் தன் இலக்கைப் பற்றிக்கொள்கிறது. மூளைக்கோ கூடுதல் பாதுகாப்பு உண்டு. இரத்தத்தில் உள்ள எல்லாப் பொருள்களும் மூளைக்குள் செல்லாதவாறு நுண்ணிய இரத்தக் குழாய்களின் சுவர்கள் தடுக்கின்றன. இதனை 'இரத்த-மூளைத் தடுப்பு' என்பர். இராசகிரியின் பாலத்தை ஒத்தது இது.

காவற்படையின் வலிமை, பகைவனை வெல்வதில் மட்டும் இல்லை. தன்னவரையும் பகைவரையும் பிரித்தறிவதிலும் இருக்கிறது. அப்பகுத்தறிவு பிழைத்தால், காவலர் தம் அரண்மனைமீதே அம்பெய்வர். உடலில் நேரும் இத்தகைய பிழையே 'தன்னெதிர்ப்பு நோய்' எனப்படுகிறது. முடக்குவாதத்தின் ஒருவகையும், இளவயதில் தோன்றும் முதல்வகை நீரிழிவும் இவ்வகையைச் சார்ந்தவை. மூளை இலக்காகும்போது அது தன்னெதிர்ப்பு மூளை அழற்சி ஆகிறது.

நோய் நடக்கும் வழி

இந்நோய் பெரும்பாலும் எளிய தோற்றத்தோடு தொடங்குகிறது. சில நாள் காய்ச்சல், தலைவலி, சோர்வு ஆகியவை தோன்றி மறையும். சாதாரணச் சளிக்காய்ச்சல் என்றே எவரும் கருதுவர். ஓரிரு வாரங்களில் நிலை மாறுகிறது. உறக்கம் கெடுகிறது; காரணமற்ற அச்சமும் ஐயமும் எழுகின்றன; இல்லாத உருவங்கள் தோன்றுகின்றன. சினம் பெருகுவதும், சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்வதும், பின்னர்ப் பேச்சே குன்றிப்போவதும் உண்டு. அண்மையில் நடந்தவை நினைவில் நிற்பதில்லை.

அதன்பின் உடலில் குறிகள் வெளிப்படுகின்றன. வலிப்பு வருகிறது. வாய் எதையோ மெல்லுவதுபோல் ஓயாது அசைகிறது. நாக்கு வெளியே நீளுகிறது. கைகள் தாமாகவே சுழல்கின்றன. சிலர் கல்லாய்ச் சமைந்தாற்போல் ஒரே நிலையில் அசைவற்றிருப்பர். நோய் முற்றினால் இதயத் துடிப்பும் இரத்த அழுத்தமும் கட்டுக்கடங்காமல் ஏறி இறங்கும்; மூச்சும் தடைப்படும். அப்போது தீவிர சிகிச்சைப் பிரிவும் செயற்கைச் சுவாசமும் இன்றியமையாதவை ஆகின்றன.

சிறுவர் சிறுமியரிடம் வலிப்பும், விந்தையான உடலசைவும், பேச்சுக் குறைவும் முதலில் தோன்றுவது மிகுதி. வளர்ந்தோரிடமும் பதின்ம வயதின் பிற்பகுதியினரிடமும் நடத்தை மாற்றமே முந்திக்கொள்கிறது. ஆகவேதான் அவர்களுள் பலர் முதலில் மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லப்படுகின்றனர்.

மருந்துலகம் கண்ட விடை

பல தலைமுறைகளாக இந்நோய்க்குப் பெயரில்லை. 2005ஆம் ஆண்டு, ஸ்பெயின் நாட்டைச் சேர்ந்த நரம்பியல் மருத்துவர் ஜோசப் டால்மவ் என்பவரும் உடன் ஆய்ந்தோரும் நான்கு இளம்பெண்களைப் பற்றி ஓர் ஆய்வுரையை வெளியிட்டனர். நால்வருக்கும் மனக்குழப்பம், நினைவிழப்பு, மூச்சுத் தளர்வு ஆகியவை இருந்தன. நால்வரின் சினைப்பையிலும் ஒரே வகைக் கட்டி காணப்பட்டது. மூளையில் தோன்றிய நோய்க்கும் அடிவயிற்றில் இருந்த கட்டிக்கும் என்ன தொடர்பு என்னும் வினா அங்கே பிறந்தது.

அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய அதே குழுவினர் 2007ஆம் ஆண்டில் விடை கண்டனர். 14 முதல் 44 வயது வரையிலான பன்னிரண்டு பெண்களை அவர்கள் ஆராய்ந்தனர். பதினொருவருக்குச் சினைப்பையிலும், ஒருவருக்கு மார்புக்கூட்டினுள்ளும் டெரட்டோமா என்னும் கட்டி இருந்தது. பன்னிருவரின் உடலிலும் ஒரே எதிர்ப்பொருள் காணப்பட்டது. அது மூளையின் நரம்பணுக்களில் உள்ள என்.எம்.டி.ஏ. ஏற்பி என்னும் புரதத்தைப் பற்றிக்கொண்டிருந்தது. எனவே, இந்நோய் 'என்.எம்.டி.ஏ. ஏற்பி எதிர்ப்பு மூளை அழற்சி' எனப் பெயர் பெற்றது.

நரம்பணுக்கள் ஒன்றோடொன்று தொட்டுக்கொள்வதில்லை. ஒன்று வெளியிடும் வேதிப்பொருளை மற்றொன்றின் ஏற்பிகள் வாங்கிக்கொள்கின்றன. குளூட்டமேட் என்னும் வேதிப்பொருளை வாங்கும் வாயில்களுள் ஒன்றே என்.எம்.டி.ஏ. ஏற்பி. கற்றல், நினைவு, சிந்தனை, நடத்தை ஆகிய அனைத்திற்கும் இவ்வாயில் இன்றியமையாதது. இவ்வாயில் அடைபட்டால் நினைவும் அறிவும் தடுமாறுவதில் வியப்பில்லை.

சினைப்பையில் ஒளிந்த வேர்

டெரட்டோமா என்னும் சொல், விந்தை உயிரைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லடியாகப் பிறந்தது. பெயருக்கேற்ப, இக்கட்டியினுள் மயிர், பல், தோல், கொழுப்பு ஆகியவை காணப்படுவது உண்டு. எவ்வகைத் திசுவாகவும் வளரவல்ல கருவணுக்களிலிருந்து இது தோன்றுவதே அதற்குக் காரணம். சில கட்டிகளில் நரம்புத் திசுவும் வளர்கிறது. அந்நரம்புத் திசுவில் என்.எம்.டி.ஏ. ஏற்பிகள் இருக்கின்றன.

மூளைக்குள் பாதுகாப்பாக இருக்க வேண்டிய ஒரு பொருள், அடிவயிற்றில் இருக்கும் கட்டியில் காவற்படையின் கண்ணில் படுகிறது. காவற்படை அதனை அயற்பொருள் எனக் கருதி எதிர்ப்பொருளை உருவாக்குகிறது. அந்த எதிர்ப்பொருள் மூளையை எட்டியதும், அங்கேயுள்ள அதே ஏற்பிகளையும் பற்றிக்கொள்கிறது. பற்றப்பட்ட ஏற்பிகளை நரம்பணு தன்னுள்ளே இழுத்துக்கொள்கிறது. அணுவின் மேற்பரப்பில் வாயில்கள் குறைகின்றன, செய்தி நின்றுபோகிறது.

இங்கே ஓர் ஆறுதலான உண்மை உண்டு. இந்நோயில் நரம்பணுக்கள் பெரும்பாலும் அழிவதில்லை. அவற்றின் வாயில்கள் மட்டுமே மறைகின்றன. எதிர்ப்பொருள் நீங்கினால் வாயில்கள் மீண்டும் தோன்றும். மதில் இடிந்தால் மீண்டும் கட்டுவது அரிது. கதவு மூடப்பட்டிருந்தால் திறப்பது எளிது. உரிய காலத்தில் சிகிச்சை பெற்றவர்கள் மீள்வது இதனாலேயே.

சினைப்பையில் டெரட்டோமா உள்ள பெண்கள் அனைவருக்கும் இந்நோய் வருவதில்லை. அக்கட்டிகளுள் பெரும்பாலானவை புற்றுநோயும் அல்ல. அதுபோலவே, இந்நோய் கொண்ட அனைவருக்கும் கட்டி இருப்பதில்லை. ஆண்களுக்கும் சிறுவர்க்கும் இது வருகிறது. ஹெர்பிஸ் என்னும் நச்சுயிரியால் மூளை அழற்சி வந்து குணமானோர் சிலரிடம், சில வாரங்கள் கழித்து இந்நோய் தோன்றுவதும் உண்டு. பலரிடம் காரணம் புலப்படுவதே இல்லை.

2013ஆம் ஆண்டு வெளியான விரிவான ஓர் ஆய்வு 577 நோயாளிகளின் விவரங்களைத் தொகுத்துத் தந்தது. அவர்களுள் 81 விழுக்காட்டினர் பெண்கள். 37 விழுக்காட்டினர் 18 வயதுக்குக் குறைந்தோர். 38 விழுக்காட்டினருக்குக் கட்டி இருந்தது. கட்டிகளுள் மிகப் பெரும்பாலானவை சினைப்பை டெரட்டோமாவே. பன்னிரண்டு வயதுக்குட்பட்ட சிறுமியரிடம் கட்டி அரிது. பூப்பெய்திய பின் அதற்கான வாய்ப்பு மிகுகிறது.

> தெரியுமா?
> செருமனியின் பெர்லின் உயிரியல் பூங்காவில் வாழ்ந்த 'நுட்' என்னும் பனிக்கரடி உலகெங்கும் புகழ்பெற்றிருந்தது. 2011ஆம் ஆண்டு பார்வையாளர்களின் கண்முன்னே வலிப்புற்று நீரில் விழுந்து அது இறந்தது. நான்கு ஆண்டுகள் கழித்து, என்.எம்.டி.ஏ. ஏற்பி எதிர்ப்பு மூளை அழற்சியே அதற்கு இருந்த நோய் என அறிவியலாளர் அறிவித்தனர். மனிதரல்லாத விலங்கொன்றில் இந்நோய் அறியப்பட்டது அதுவே முதன்முறை.

கடிகாரம் சொன்ன செய்தி

2009ஆம் ஆண்டு நியூயார்க் நகரில் சுசன்னா கஹாலன் என்னும் 24 வயது இதழாளர் இந்நோய்க்கு ஆளானார். அச்சமும் ஐயமும் வலிப்பும் அவரை வாட்டின. சோதனைகள் பலவும் இயல்பாகவே இருந்தமையால் மருத்துவர்கள் திகைத்தனர். சூஹெல் நஜ்ஜார் என்னும் நரம்பியல் மருத்துவர் ஒரு தாளைத் தந்து, கடிகாரம் ஒன்றை வரையுமாறு அவரிடம் கூறினார். அவர் வட்டத்தை வரைந்து, எண்கள் அனைத்தையும் வலப்பக்கத்திலேயே நெருக்கி எழுதினார். இடப்பக்கம் வெறுமையாக இருந்தது. மூளையின் வலப்பாதி பாதிக்கப்பட்டிருப்பதை அந்த எளிய படம் காட்டியது. நோய் மனத்தில் தோன்றியதன்று, மூளையின் அழற்சியால் வந்தது என்னும் முடிவுக்கு அது வழிகாட்டியது. அவருக்குக் கட்டி எதுவும் இல்லை. சிகிச்சையால் நலம்பெற்றுப் பணிக்குத் திரும்பிய அவர், தம் பட்டறிவை 2012ஆம் ஆண்டு நூலாக வெளியிட்டார். தம் பிள்ளைகளின் நோயை அடையாளம் காண அந்நூல் பல குடும்பங்களுக்கு உதவியது.

இந்நோயைக் கண்டறிவதில் முதன்மையானது, முதுகுத் தண்டிலிருந்து எடுக்கப்படும் மூளைத் தண்டுவடத் திரவச் சோதனை ஆகும். அத்திரவத்திலும் இரத்தத்திலும் எதிர்ப்பொருள் உள்ளதா என ஆராய்வர். இ.இ.ஜி. எனப்படும் மூளை மின்னலை வரைவு பெரும்பாலோரிடம் மாறுபட்டுக் காணப்படும். எம்.ஆர்.ஐ. படமோ பலரிடம் இயல்பாகவே இருக்கும்; அதனால் படம் நன்றாக உள்ளது என்பதை மட்டும் வைத்து நோயில்லை என்று முடிவுசெய்தல் ஆகாது. நோய் உறுதியானதும், அடிவயிற்றை ஸ்கேன் செய்து கட்டி உள்ளதா எனத் தேடுவர்.

மீளும் வழி

சிகிச்சைக்கு இரண்டு நோக்கங்கள் உண்டு. எதிர்ப்பொருள் உருவாகக் காரணமான கட்டியை அகற்றுதல் ஒன்று. வழிதவறிய காவற்படையை அடக்குதல் மற்றொன்று. ஸ்டீராய்டு மருந்துகள், பிறர் கொடையளித்த இரத்தத்திலிருந்து பிரித்தெடுக்கும் இம்யூனோகுளோபுலின், இரத்த நீர்மத்தை மாற்றும் பிளாஸ்மா மாற்றுமுறை ஆகியவை முதற்கட்டத்தில் பயன்படுகின்றன. இவற்றால் பயன் கிட்டாதபோது ரிட்டுக்சிமாப் போன்ற மருந்துகள் தரப்படுகின்றன. மனநோய்க்கான மருந்துகளை மட்டும் தருவதால் நோயின் வேர் நீங்காது.

மகளுக்குச் சினைப்பையில் அறுவை என்றதும் பெற்றோர் கலங்குவது இயல்பு. திருமணத்திற்கும் மகப்பேற்றுக்கும் தடையாகுமோ என்னும் அச்சமே அதற்குக் காரணம். பல நேரங்களில் சினைப்பையைக் காத்துக் கட்டியை மட்டுமே மருத்துவர்கள் நீக்குகின்றனர். ஒரு சினைப்பையையே எடுக்க நேர்ந்தாலும் எஞ்சிய மற்றொன்றால் தாய்மை அடைய இயலும். அச்சத்தால் அறுவையைத் தள்ளிப்போடுவதுதான் உண்மையான இடர்.

மீட்சி மெதுவானது. வாரங்கள், திங்கள்கள், சிலருக்கு இரண்டு ஆண்டுகள்கூட ஆகும். முன்னர்க் குறிப்பிட்ட ஆய்வில், இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து கவனிக்கப்பட்டோருள் 81 விழுக்காட்டினர் நல்ல நிலையை எய்தினர். விரைந்து சிகிச்சை தொடங்கியோர்க்கு மிகுந்த நன்மை கிட்டியது. ஏறத்தாழ எட்டில் ஒருவருக்கு நோய் மீண்டும் வந்ததால், குணமான பின்னும் மருத்துவரின் கண்காணிப்பு தேவை.

பேய் அன்று, நோய்

செஞ்சிக்கு அருகிலுள்ள மேல்மலையனூரில் அங்காளம்மன் கோயில் உள்ளது. அமாவாசை இரவில் அங்கு நிகழும் ஊஞ்சல் விழாவிற்குத் திரளான மக்கள் கூடுகின்றனர். பேய், பில்லி சூனியம் ஆகியவற்றால் துன்புறுவதாகக் கருதி, விடுதலை வேண்டி வருவோரும் அவர்களுள் உளர். துயருற்ற குடும்பத்திற்கு வழிபாடு மனவலிமை தருகிறது. அதனைக் குறைகூற வேண்டியதில்லை. ஆயினும், அடுத்த அமாவாசைவரை காத்திருக்கும் நாள்களில் நோய் காத்திருப்பதில்லை. வழிபாட்டுக்குச் செல்லும் கால்கள் மருத்துவமனைக்கும் செல்ல வேண்டும் என்பதே இங்கு வலியுறுத்தத்தக்கது.

இதனை மறந்ததன் விலையைத் தமிழகம் அறியும். இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், 2001 ஆகஸ்டு 6ஆம் நாள் தனியார் காப்பகம் ஒன்றில் தீப்பற்றியது. மனநோயாளிகள் எனச் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தோர் தப்பி ஓட இயலவில்லை; 28 பேர் உயிரிழந்தனர்.  2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், மனநோயுற்றோரைச் சங்கிலியால் பிணைப்பதை எவ்வகையிலும் அனுமதிப்பதில்லை. வழிபாட்டிடத்திற்கு வருவோர்க்கு அங்கேயே மருத்துவமும் கிடைக்கச் செய்யும் திட்டம் பின்னர் ஏர்வாடியில் செயல்படுத்தப்பட்டது. வேண்டுதலும் மருந்தும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதை அது காட்டியது.

செஞ்சி வட்டாரத்தில் உள்ளோர்க்கு உதவி எட்டாத் தொலைவில் இல்லை. செஞ்சி அரசு மருத்துவமனையை அடுத்து, முண்டியம்பாக்கத்தில் விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும், புதுச்சேரியில் ஜிப்மர் மருத்துவமனையும், வேலூரில் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் இருக்கின்றன. பெங்களூரின் நிம்ஹான்ஸ் நிறுவனம், மனநலமும் நரம்பியலும் ஒரே கூரையின்கீழ் ஆராயப்படும் இடமாகும். வலிப்போ மூச்சுத் திணறலோ ஏற்பட்டால் 108 என்னும் எண்ணை அழைத்தல் வேண்டும். உடல்நலம், மனநலம் குறித்த அறிவுரைக்கு 104 என்னும் எண் பயன்படுகிறது.

நால்வர் பங்கு

திருக்குறளின் 95ஆவது அதிகாரம் 'மருந்து' ஆகும். நோயை மட்டுமன்றி அதன் மூலத்தையும் ஆராய வேண்டும் என வள்ளுவர் அங்கே அறிவுறுத்துகிறார். மூளையின் நோய்க்கு வேர் சினைப்பையில் இருந்ததைக் கண்ட ஆய்வு, அவ்வறிவுரைக்கு இக்காலச் சான்று. நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிருந்து பேணுபவர் என மருத்துவத்தை நான்கு கூறாகவும் அவர் பகுத்துக் காட்டுகிறார்.

நான்காம் கூற்றில் குடும்பத்தாரோடு ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் இடமுண்டு. ஒரு மாணவியின் நடத்தை சில நாள்களிலேயே தலைகீழாக மாறினால், அதனை முதலில் உணர்வோர் அவள் அருகில் அமர்ந்திருப்போரே. அதனைக் கேலியாக்காமலும் கைப்பேசியில் படம்பிடித்துப் பரப்பாமலும் ஆசிரியரிடமும் பெற்றோரிடமும் கூறுதல் வேண்டும். எப்போது தொடங்கியது, காய்ச்சல் இருந்ததா, வலிப்பு வந்ததா என்னும் செய்திகள் மருத்துவர்க்குப் பெரிதும் உதவும். மாதங்கள் பல கழித்து அவள் வகுப்பறைக்குத் திரும்பும்போது நினைவு தளர்ந்தும் சொற்கள் தயங்கியும் இருக்கலாம். விடுபட்ட பாடக்குறிப்புகளை எழுதித் தருவதும், பொறுமையோடு பேசுவதும், நடந்தவற்றைச் சொல்லிக்காட்டாமல் இருப்பதும் அவளுக்கு மருந்துக்கு நிகரானவை.

உடலின் காவற்படை தன்னவரை அறியாமல் தாக்கியதால் விளைந்தது இந்நோய். நோயுற்றவரை அயலவராக நினைத்து ஒதுக்கும் சமூகமும் அதே பிழையைச் செய்கிறது. முன்னதைத் திருத்த மருத்துவம் இருக்கிறது. பின்னதைத் திருத்தும் கடமை கற்றோர்க்கு உரியது.

கலைச்சொல் அறிவோம்

எதிர்ப்பொருள் – ஆன்டிபாடி
ஏற்பி – ரிசெப்டார்
மூளை அழற்சி – என்செபலைட்டிஸ்
சினைப்பை – ஓவரி
நரம்பணு – நியூரான்

கற்பவை கற்றபின்

1. மூளையில் தோன்றும் நோய்க்குச் சினைப்பைக் கட்டி காரணமாகும் முறையைப் படிநிலைகளாக எழுதுக.
2. இந்நோயிலிருந்து பெரும்பாலோர் மீள இயல்வதன் காரணத்தை விளக்குக.
3. "வேண்டுதலும் மருந்தும் ஒன்றுக்கொன்று பகையல்ல" – இக்கருத்தைப் பற்றி வகுப்பறையில் கலந்துரையாடுக.
4. நோயிலிருந்து மீண்டு பள்ளிக்குத் திரும்பும் தோழிக்கு வரவேற்பு மடல் ஒன்று எழுதுக.